பூசணிப்பூ மூடும்வரை

பூசணிப்பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தமோ பாரமானது, ஒட்டுந்தன்மை உள்ளது. காற்று அதைக் காவாது. தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும். அப்போது நாமே ஆண்பூவைப் பிடுங்கிப் பெண்பூவில் தேய்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையை இவ்வளவு காலமும் கூலி கேளாமல் செய்தவர் யார் என்பது குனிந்து நிற்கும் முதுகுக்குத்தான் உறைக்கிறது.

*

நாம் பெட்டியில் வளர்ப்பதும் வன்னிக் காட்டுப் பொந்தில் இருப்பதும் ஒரே இனத் தேனீதான். பாலையும் வீரையும் முற்றி, உள்ளே உக்கினால்தான் பொந்து உண்டாகும். அதற்கு மரம் ஒரு மனித ஆயுளாவது நிற்க வேண்டும். யுத்தத்தில் எத்தனையோ மரங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2009க்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் கொட்டில் போடத் தறித்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வரிசையாகத் தேக்கு நட்ட நிலத்தையும் காடு என்று கணக்கெழுதுவதை ஏற்க முடியவில்லை. இளந்தேக்கில் பொந்து ஏது?

*

ஒட்டுசுட்டான் பக்கம் தேன் எடுக்கும் ஒரு பெரியவர் புகை மட்டும்தான் போடுவார், நெருப்பு வைக்கமாட்டார். தேன் உள்ள பக்கத்தை அறுத்துக்கொண்டு குஞ்சு வதையை அப்படியே விட்டுவிடுவார். அடுத்த முறையும் அங்கே தேன் இருக்கும்.

*

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்யக்கூடாது என்றார்கள் இலங்கை அரசாங்கத்தார். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்தத் தடையால் விளைச்சல் விழுந்தது, கமக்காரர் கடன்பட்டார். மண்ணுக்குச் சேதனப் பசளை பழக ஆண்டுகள் வேண்டும். கட்டளை போட்டு அவசரப்படுத்த முடியாது. நல்லதொரு வழியை அந்த அவசரமே கெடுத்துவிட்டது என்பது என் எண்ணம்.

*

இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்து பட்ட தேனீ உடனே சாகாமலும் இருக்கலாம். ஆனால் கூட்டுக்குத் திரும்பும் வழி அதற்குத் தடுமாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இம்மருந்தைத் திறந்த வயல்களில் அடிக்கத் தடைசெய்தது. தடை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால், பூ மூடி, பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். பூத்து நிற்கும் எள்ளிலும் பயற்றிலும் காலையில் அடிக்காதீர்கள். பக்கத்துக் காணிக்காரரிடமும் சொல்லுங்கள். தேனீக்கு வேலி தெரியாது.