பதிவேட்டில் இல்லாத பக்தி

பெய்ஜிங்கின் யோங்ஹே கோயிலில் ஊதுபத்தி ஏற்றி வணங்கும் இளைஞர்களில் பலர், கேட்டால் தமக்கு மதமில்லை என்பார்கள். ஐரோப்பியப் பயணிக்கு இது முரணாகத் தெரிகிறது. முரண் அவருடைய அளவுகோலில்தான் இருக்கிறது; மதம் என்றால் ஏற்றுக்கொண்ட கொள்கை, பதிவேட்டில் ஒரு பெயர் என்று பழகியவர் அவர். சீனத்திலோ பக்தி பெரும்பாலும் செய்கையில் வாழ்கிறது. 2008 முதல் அரசு விடுமுறையான சிங்மிங் நாளில் குடும்பமாகச் சென்று கல்லறையைத் துப்புரவாக்கி, உணவு படைக்கிறார்கள். அரசு ஏற்ற 5 மதங்களின் பட்டியலில் இதற்கு இடமில்லை.

வெறும் வழக்கம்தானே என்று கேட்கலாம். இதே கேள்வி ரோமையே திணறடித்தது: முன்னோர்ச் சடங்குகளை 1715-இல் கத்தோலிக்கருக்குத் தடைசெய்த திருச்சபை, 1939-இல் அவற்றைக் குடிமை மரியாதை என்று பெரிதும் அனுமதித்தது. இரண்டு தீர்ப்புமே எனக்கு நிறைவு தரவில்லை. இறந்த தாத்தாவுக்குச் சோறு படைப்பவர், அவர் எங்கே இருக்கிறார் என்று தீர்மானித்துவிட்டுப் படைப்பதில்லை. பட்ட கடன் தீரவில்லை என்றே படைக்கிறார். கோயிலில் தேர்வுக்கும் பணத்துக்குமான வேண்டுதல்களும் உண்டுதான். ஆனால் வேண்டுதலைக் காட்டி, உடல்நலம் கேட்டு லூர்து மாதாவிடம் போகும் பிரெஞ்சுக்காரரை யாரும் மதமற்றவர் என்பதில்லையே.