தானே ஏற்ற சுமை

தேவையற்ற துன்பத்தைத் தானே தேடிச் செல்பவனைப் பொறுமையாளன் எனலாமா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது வட இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய். 2,757 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியை மூன்று வழிகளில் அடையலாம். கோடைதோறும் பெருந்திரளானோர் சைக்கிள் மிதித்து ஏறுகின்றனர். உச்சியில் அவர்களுக்கு அலுவல் ஏதுமில்லை, ஏறியவர்கள் இறங்கிவிடுகின்றனர்.

பெயர்பெற்ற வழி பிராத்தோ என்னும் சிற்றூரிலிருந்து புறப்படுவது. சுமார் 24 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,800 மீட்டர் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் 48. லொம்பார்டியை அன்று ஆண்ட ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டொனெகானி என்னும் பொறியாளர் 1820 முதல் 1825 வரை இச்சாலையை அமைத்தார். நேராக ஏறினால் வண்டிக் குதிரை தாங்காது என்பதற்காகவே வளைவுகள். உயரம் குறையவில்லை, நீளத்தில் பங்கிடப்பட்டது, அவ்வளவே. துன்பத்தைத் தணிக்க வகுத்த சாலையில் துன்பத்தை நாடியன்றோ இவர்கள் ஏறுகின்றனர்! மின்விசை பொருத்திய சைக்கிளில் வருவோரை இவர்களுள் சிலர் இகழ்வதும் உண்டு. குதிரைக்குக் காட்டிய சலுகையில் தாமும் பயன்பெற்றுக்கொண்டு, முதியவரின் முழங்காலுக்கு அதை மறுப்பது என்ன நியாயமோ!

போர்மியோ நகரிலிருந்து ஏறும் மறுபக்கச் சாலையில், பழைய சாலைக் காவலர்களுக்கெனக் கட்டிய வீடுகளைக் காணலாம். பனியை அகற்றுவதும் வழிப்போக்கருக்குப் புகலிடம் தருவதும் அவர்தம் பணி. அவர்களுள் ஒருவன் சோர்ந்து கைவிட்டால் ஒரு பயணி பனியில் மடியக்கூடும். சைக்கிளில் வருபவன் பாதி வழியில் திரும்பினாலோ எவருக்கும் நட்டமில்லை. ஆதலின் அவனது உழைப்பை வெறும் விளையாட்டென நாம் ஒதுக்கியிருந்தோம்.

பின்னர் ஒரு சொல் நம்மைத் தடுத்தது. பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள், கட்டி நிறுத்துதல், தடுத்து வைத்தல் என்பதாகும். காவலனைக் கடமை கட்டி நிறுத்தியது, கூலியும் கட்டியது. இவனைக் கட்டும் கயிறு எது? தன்னைத் தானே கட்டிக்கொள்வதன்றி வேறில்லை. காவலனுக்குச் சமமாக இவனை வைக்க நாம் இன்றும் உடன்படோம்; அவன் பொறுமையால் பிறர் உயிர் பிழைத்தனர். எனினும், இவனிடத்தில் இருப்பது பொறுமையே அன்று என்று சொல்லவும் நமக்கு நா எழவில்லை.

அச்சாலையின் வளைவுகளுக்கு எண்ணிட்டிருக்கிறார்கள். அடியில் 48, உச்சியில் 1. கடந்தவை எத்தனை என்று அவை சொல்வதில்லை, எஞ்சியவற்றையே சொல்கின்றன. ஒவ்வோர் எண்ணையும் படித்தபின், திரும்பிச் செல்ல வழி திறந்திருக்கும்போதே, அவன் மீண்டும் மிதிக்கிறான்.