கவனம் என்றொரு சொல்

பெருநாளைக்கு மூன்று நாட்கள் இருந்தன. தெஹிவளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த தொடர்மாடி வீடு நான்காம் மாடியில். வீட்டு வேலைக்கு உதவ வரும் தாத்தா யன்னல் விளிம்பில் ஏறி நின்று, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி மறு கையால் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கதிரையில் அமர்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"மேல் மூலையில இன்னும் கறை இருக்கு தாத்தா" என்றேன். அவர் எட்டியபோது பாதி உடல் வெளியே போயிற்று. "கவனம்" என்றேன். "விழமாட்டன் தம்பி" என்று அவரே என்னைத் தேற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

மறந்துபோன அந்தக் காட்சியைச் சிங்கப்பூர் விதியொன்றைப் பற்றி வாசித்தபோது மீண்டும் கண்டேன். 2012ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அங்கு உயர்மாடி வீடுகளிலிருந்து வெளிநாட்டுப் பணிப்பெண்கள் பலர் விழுந்து இறந்தார்கள். யன்னல் துடைக்கையில் விழுந்தவர்களும் அவர்களில் இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. தரைத்தளத்திலோ பொது நடைவழியோரத்திலோ இல்லாத யன்னலின் வெளிப்புறத்தைப் பணிப்பெண் துடைப்பதானால், கம்பிவலை பூட்டியிருக்க வேண்டும். வீட்டுக்காரரோ அவர் சார்பில் வளர்ந்தவர் ஒருவரோ அருகில் நின்று கண்காணிக்க வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் என்னை உறுத்தியது. கம்பிவலை இரும்பு விவகாரம். அருகில் நிற்பது மனிதர் விவகாரம். ஏவியவர் எழுந்து வந்து, தான் ஏவிய வேலை எப்படிப்பட்டதென்று பார்த்தாக வேண்டும். நானோ பத்திரிகையை மடிக்கக்கூட இல்லை. "கவனம்" என்ற என் சொல் அவரைக் காப்பாற்றவல்ல. அவர் விழுந்திருந்தால் என்னைக் காப்பாற்றவே அது சொல்லப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது. "நான் சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை" என்றிருப்பேன்.

ஒன்றும் நடக்காததால் நான் குற்றமற்றவனா? அதே வார்த்தைகளைச் சொன்ன சிங்கப்பூர் வீட்டுக்காரி ஒருத்தியின் யன்னலிலிருந்து ஒருத்தி விழுந்திருக்கலாம். இருவரும் செய்தது ஒன்றே. இடையில் இருந்தது ஈரமான ஒரு விளிம்பும் வழுக்காத ஒரு பாதமும் மட்டுமே. அந்தப் பாதம் என்னுடையதல்ல. அதன் பலனை நான் என் கணக்கில் எழுதிக்கொள்வது எப்படி?

'அவர் விரும்பித்தானே ஏறினார்' என்று சொல்லலாம். சிங்கப்பூர் போகும் பணிப்பெண்கள் பலரின் முதல் சில மாதச் சம்பளம் முகவரின் கடனுக்கே கழிகிறது. அப்படிப்பட்டவள் 'முடியாது' என்பாளா? எங்கள் ஊர்களிலிருந்தும் பெண்கள் அரபு நாடுகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒருத்திக்கு ஏதும் நேர்ந்தால் நாம் கொதிக்கிறோம், எழுதுகிறோம். அதே நாம்தான் நம் வீட்டுக் கதிரையிலிருந்து மேல் மூலையைக் காட்டுகிறோம். தாத்தாவும் என்னிடம் 'முடியாது' என்று சொல்லியிருக்க மாட்டார். பெருநாள் செலவு அவருக்கும் இருந்தது.

இப்போது நீண்ட பிடியுள்ள ரப்பர் துடைப்பான் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கால்களும் தரையில் நிற்க, எட்டும் வரை நானே துடைக்கிறேன். எட்டாத மூலையில் கறை இருக்கிறது; இருக்கட்டும். நாங்கள் வீடு மாறிய பின் தாத்தா வருவதில்லை. அன்று நான் எழுந்து வந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.