யாரைக் கேட்பது?

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே ஒரு திராட்சைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். பந்தல் நிறையக் குலைகள். அறுவடைக்குச் சில நாட்களே இருந்தபோது, காலம் தப்பிய மழை கொட்டித் தீர்த்திருந்தது. பழங்கள் வெடித்துச் சாறு வடிந்தது. தோட்டத்துப் பெரியவர் ஒரு குலையை என் கையில் வைத்தார்.

“எடை இருக்கு, விலை இல்லை” என்றார். பிறகு, தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல், “மழையைப் போய் யாரைக் கேக்கிறது, ஐயா? எல்லாம் ஆண்டவன் செயல்” என்றார்.

நான் மறுமொழி சொல்லவில்லை. துன்பப்பட்டவர் தேடிக்கொண்ட ஆறுதலைப் பறிக்க எனக்கு என்ன உரிமை?

மறுநாள் லோயர் கேம்ப் சென்றேன். அங்கே பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் அவர். மேற்கே கடலுக்கு ஓடிய நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது அந்தப் பணி. அந்த நீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாக விளங்குகிறது. இங்கே வீடுகளில் அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் நாளில் பொங்கல் வைக்கிறார்கள்.

அந்தச் சிலையின் முன் நின்றபோது ஓர் ஐயம் எழுந்தது. மனிதன் கை பட்டு வந்த நீருக்கு மனிதனுக்கே மாலை இடுகிறோம். அது நன்றி, நல்ல பண்பு. ஆனால், மனிதன் கை பட்டே ஒரு கேடு வந்தால், அதை மட்டும் ஏன் ஆண்டவன் கணக்கில் எழுதுகிறோம்?

‘மழையில் மனிதன் கை எப்படிப் படும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420-க்கு மேல் உயர்த்திவிட்டோம். அதனால் உலகம் சூடாகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டும்.

ஆயினும் இந்த மழை, இந்த வெள்ளம் என்று சுட்டிக் காட்ட முடியுமா? 2003 ஜனவரியில் ஆக்ஸ்போர்டில் தம் வீட்டுச் சமையலறை வாசலைத் தேம்ஸ் வெள்ளம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, மைல்ஸ் ஆலன் என்ற அறிஞர் இந்தக் கேள்வியையே எழுதினார். மறு ஆண்டு அவரும் வேறு இருவரும் ஒரு விடை கண்டார்கள். 2003-இல் ஐரோப்பாவை வாட்டிய கோடை போன்ற ஒன்று வரும் வாய்ப்பை, மனிதர்களின் செயல் குறைந்தது இரு மடங்காக்கிவிட்டது என்பதே அது.

தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் மெழுகு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை தாயம் விழுந்தால் அது மெழுகின் வேலை என்று சொல்ல முடியாது. நூறுமுறை உருட்டி, மெழுகில்லாத கட்டையோடு ஒப்பிட்டால் மோசம் வெளிப்பட்டுவிடும். அறிஞர்களும் அப்படியே புகை ஏறிய உலகத்தையும் ஏறாத உலகத்தையும் கணிப்பொறியில் பலமுறை ஓட்டி ஒப்பிடுகிறார்கள்.

அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதில்லை. 2015-இல் சென்னையை மூழ்கடித்த பெருமழையை ஆராய்ந்தவர்கள், அதில் புவி வெப்பத்தின் சுவடு தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். 2024 ஜூலை 30 அன்று, இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வயநாட்டுச் சரிவு இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. அந்த மழையை ஆராய்ந்தவர்கள், மனிதன் மூட்டிய வெப்பத்தால் அது நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடியிருந்தது என்றார்கள். மலைப்பகுதியில் இக்கணக்கு முற்றும் உறுதியல்ல என்பதையும் மறைக்கவில்லை. இல்லை என்று சொல்லத் துணிந்தவர்களின் ‘ஆம்’ மதிக்கத்தக்கது.

பத்துப் பங்குதானே என்று எண்ண வேண்டாம். கரைக்குள் ஓடும் வரையில் அது ஆறு. கரைக்கு மேல் ஏறும் ஒரு சாண் நீர்தான் வெள்ளம்.

இனி அறத்தின் கேள்வி வருகிறது. கோடிக்கணக்கானோர் சிறிது சிறிதாகச் செய்த ஒன்றுக்கு யார் பொறுப்பு? எல்லோரும் செய்தது என்றால், யாரும் செய்யாதது ஆகிவிடுமா?

இதற்கு விடை இந்தப் பள்ளத்தாக்கின் வாய்க்கால் கரையிலேயே கிடைக்கிறது. மேல்மடைக்காரர்கள் ஒவ்வொருவரும் இரவில் கரையில் ஒரு வெட்டுப் போட்டால், கடைமடையில் பயிர் காய்கிறது. ‘நான் போட்டது ஒரு வெட்டுத்தானே, அதனாலா காய்ந்தது?’ என்று ஒவ்வொருவரும் கேட்கலாம். ஊர் அதை ஒப்புமா? பெரிய வெட்டுக்குப் பெரிய தண்டம், சிறிய வெட்டுக்குச் சிறிய தண்டம் என்பதுதானே நியாயம்? பலர் பங்கிட்டுக்கொண்டதால் குற்றம் கரைந்துவிடுவதில்லை.

ஓர் அமெரிக்கரின் பங்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. ஓர் இந்தியரின் பங்கு சுமார் 2 டன். பெரிய வெட்டு யாருடையது என்பதில் ஐயமில்லை. அதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு டன்னும் சராசரிக் கணக்கு. அதில் திராட்சைத் தோட்டத்துப் பெரியவரின் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கும் என் பங்கும் எவ்வளவு? அமெரிக்காவை நோக்கி நீட்டிய விரலைச் சற்று மடக்கிப் பார்த்தால் நம் வீட்டு வாசலும் தெரியும்.

அந்தத் தோட்டத்து மழை எதனால் வந்தது என்று நான் அறியேன். ஒவ்வொரு தூறலுக்கும் கணக்கெழுத யாராலும் முடியாது. ஆனால் ‘யாரைக் கேக்கிறது?’ என்ற அவர் கேள்விக்கு ஆளே இல்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது.

ஊர் திரும்பும்போது அவரிடம் விடைபெறச் சென்றேன். வெடிக்காத பழங்களாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். வண்டியில் ஏறி, கண்ணாடியை உயர்த்தி, வழக்கம்போல் குளிர்பொறியின் விசையை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். மடியில் அந்தப் பை இருந்தது. கை சற்று நின்றது.