மூன்று தலைமுறைத் தண்ணீர்

உயில்களைப் பதிகிற புத்தகத்துக்கு எங்கள் துறையில் மூன்றாம் புத்தகம் என்று பெயர். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் முதல் புத்தகத்தில் வரும். அதை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்தை அப்படிப் பார்க்க முடியாது. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்குத்தான் நகல். இறந்த பிறகு, இறப்புச் சான்றோடு மனுப் போடும் எவருக்கும் கொடுக்கலாம். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் இப்படி ஏற்பாடு செய்திருக்கிறது. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குடும்பத்தின் வேரைத் தேடி வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பட்டாவை விடுங்கள், உங்கள் ஆட்களில் யாராவது உயில் எழுதினார்களா என்று கேட்டுப் பாருங்கள். பட்டா நிலத்தைச் சொல்லும். உயிலில்தான் வீடு தெரியும். யார் யாரோடு பேச்சுவார்த்தையில் இல்லை என்பது உட்பட.

நூறு வருஷத்துக்கு முந்தைய உயிலை வாசிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 'மேற்படி' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஷை' என்று ஒரு சுழி. நிலம் மாவிலும் குழியிலும் இருக்கும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. தேதிக்குப் பக்கத்தில் பிரஜோற்பத்தி, ஆங்கீரச என்று வருஷப் பெயர். தொடக்கம் மட்டும் அநேகமாக ஒரே அச்சு. இந்தச் சரீரம் அநித்தியமானபடியால், சுயபுத்தியோடும் பூரண ஞாபகத்தோடும், பிறர் தூண்டுதல் இல்லாமல் எழுதுவதாக ஆரம்பிக்கும். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இது மனப்பாடம். அநித்தியத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, அடுத்த வரியிலேயே வாய்க்காலுக்குக் கிழக்கு, களத்துமேட்டுக்கு வடக்கு என்று நாலெல்லைக்குப் போய்விடுவார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரும்.

உயில் நம் தர்ம சாஸ்திரத்தில் இல்லாத ஒன்று. வெள்ளைக்காரன் கோர்ட்டு வழியாக வந்து நிலைத்தது. 1870இல் இந்து உயில் சட்டம் சென்னைப் பட்டணத்துக்கு வந்தது. அப்போதும், 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும் வரைக்கும், கூட்டுக்குடும்பத்து ஆள் பிதிரார்ஜிதத்தில் தன் பங்கை உயிலில் எழுத முடியாது. சுயார்ஜிதத்தை மட்டும் எழுதலாம். உயில் வருவதற்கு முன்னால் சொத்து யாருக்கு என்பதைச் செத்தவன் தீர்மானிக்கவில்லை, உறவு தீர்மானித்தது. வங்காளத்துத் தாயபாகத்தில் பிண்டத்தால் யார் செத்தவனுக்கு அதிக நன்மை செய்ய முடியுமோ அவனுக்கே முன்னுரிமை. நம் பக்கத்து மிதாட்சரம் ரத்த நெருக்கத்தைப் பார்த்தது. ஆனாலும் ஓர் இடத்தில் சடங்கும் சட்டமும் ஒரே கோட்டில் நின்றன. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மேலே மூன்று பேருக்குத் தண்ணீர். பழைய இந்துச் சட்டத்தில் ஒருவன் பட்ட கடனுக்கு மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று கீழே மூன்று பேர் பொறுப்பு. இறந்தவனைக் கடன்காரனாக மேலே நிறுத்தி வைக்கக் கூடாது என்பது அதன் காரணம். வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் வருஷத் திருத்தம் இதை எடுத்துவிட்டது. அந்த வருஷம் செப்டம்பர் 9க்குப் பிறகு ஏற்பட்ட கடனுக்கு, பிள்ளையின் புனிதக் கடமை என்பதை மட்டும் காட்டி எந்தக் கோர்ட்டும் வசூலிக்க முடியாது. பெண்ணுக்குப் பிதிரார்ஜிதத்தில் சமபங்கு கொடுத்ததும் அதே திருத்தம்தான். தமிழ்நாட்டில் 1989இலேயே கொடுத்தார்கள் என்றாலும் அந்த வருஷம் மார்ச் 25இல் கல்யாணம் ஆகாத பெண்களுக்குத்தான். நான் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவள். 2005 வருவதற்குள் அப்பாவும் தம்பியும் பாகப்பிரிவினையைப் பதிந்து முடித்திருந்தார்கள். அதில் நிலம் முழுக்கத் தம்பி பங்குக்குப் போயிற்று. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. பின்னால் வரும் பேச்சுக்கு இது தெரிய வேண்டும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா 1931இல், பிரஜோற்பத்தி வருஷம் ஆடி மாதத்தில், மாயவரம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் உயில் பதிந்திருக்கிறார். நெல் விலை சரிந்து மிராசுதாரர்களெல்லாம் கடனில் முழுகிய காலம். உயிலின் பாதிப் பக்கம் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பட்டியல்தான். பிறகு மகனுக்கு இவ்வளவு, மகளுக்குச் சீராகக் கொடுத்தது போக இவ்வளவு, பிள்ளையார் கோயில் விளக்குக்கு இவ்வளவு. அதற்கும் கீழே, தன்னுடைய அபிமான ஸ்திரீ என்று ஒரு பெண்ணின் பெயர். அவளுக்குச் சுயார்ஜித நஞ்சையில் இரண்டு மா. ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, அவள் காலத்துக்குப் பின் அவள் பிள்ளைகள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது.

இந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. அவள் வழி வந்தவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஆடி அமாவாசைக்குத் தம்பி மாயவரம் காவேரித் துலாக்கட்டத்தில் தர்ப்பணத்துக்கு உட்காருவான். நான் படியில் நிற்பேன். ஐயர் கோத்திரம் கேட்டால் சிவகோத்திரம் என்று சொல்லிவிடுவான். பெயர்களைக் கேட்கும்போது மட்டும் திரும்பி என்னைப் பார்ப்பான். கொள்ளுத்தாத்தா பெயரையும் அவர் மனைவி பெயரையும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் விடும் உரிமை ஆணுக்கு, ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை பெண்ணுக்கு என்பது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. கட்டத்தில் பத்துக் குடும்பத்தைப் பார்த்தால் ஏழெட்டு இப்படித்தான். உயிலைப் படித்த பிறகு வந்த அமாவாசையில் அந்த இடத்தில் எனக்கு நாக்கு நின்றது. அந்த மனிதருக்கு எள்ளும் தண்ணீரும் போகிறது. அவர் கையெழுத்துப் போட்டு, தன் காலத்துக்குப் பிறகும் சோறு கிடைக்க வேண்டும் என்று கவலைப்பட்ட ஒருத்திக்கு ஒரு சொட்டு இல்லை.

சடங்கை வகுத்தவர்கள் யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்பதை யோசிக்காமல் இல்லை. மூன்று பேருக்குப் பிண்டம். அதற்கு மேலே உள்ள மூன்று பேருக்குப் பிண்டம் பிடித்த கையில் ஒட்டியிருப்பதைத் துடைக்கும்போது அந்த மிச்சம். அதற்கும் மேலே பெயரில்லை. புதிதாக ஒருவர் இறந்து பிதிருக்களோடு சேரும்போது மூன்றாமவர் நான்காமவராகி, பிண்டத்திலிருந்து கைத்துடைப்புக்குப் போய்விடுவார். பெயர் மறந்து போனவனுக்கும் சூத்திர நூல்களில் வழி இருக்கிறது. அப்பாவைப் பூமியில் இருப்பவர் என்றும், தாத்தாவை அந்தரிட்சத்தில் இருப்பவர் என்றும், கொள்ளுத்தாத்தாவைத் தேவலோகத்தில் இருப்பவர் என்றும் சொல்லிக் கொடுத்தால் போதும். வள்ளுவர் இல்லறத்தான் ஓம்ப வேண்டியவர்களில் முதலில் வைக்கும் தென்புலத்தார் யார் என்று பரிமேலழகர் சொல்வதைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். செத்துப்போன என் தாத்தா என்று அவர் சொல்லவில்லை. படைப்புக் காலத்தில் பிரமன் படைத்த ஒரு தெய்வ வகுப்பு, இருப்பது தென்திசை என்கிறார். இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பதினைந்து தலைமுறை எடுத்தேன் என்று சொல்கிறவரின் உழைப்புக்குச் சாஸ்திரத்தில் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. மறப்பதற்கு அது வரிசையாக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அது சரியென்றுதான் எனக்கும் படுகிறது. செத்தவர் எல்லோரையும் பெயரோடு சுமந்தால் இருப்பவர் நடக்க முடியாது.

அதோடு, காகிதத்தில் பெயர் ஏறுவதற்கே ஒரு தகுதி வேண்டியிருந்தது. டர்பனிலிருந்து வந்த ஒரு தம்பதி என்னிடம் ஓர் எண்ணைக் காட்டினார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து, கூலிக்குப் போனவர்களுக்கெல்லாம் எண் கொடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் என்று பட்டியல் எழுதினார்கள். பட்டியலில் கண்ட கிராமத்தில் அந்தத் தகப்பன் உயில் எழுதியிருப்பாரா என்று கேட்டார்கள். எழுதியிருக்க மாட்டார், உயிலில் எழுத அவரிடம் என்ன இருந்திருக்கும்? நில ஆவணத்தில் அவர் வகை மனிதர்கள் வருவது வேறு விதமாக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சீமையில் நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற பத்திரங்கள் உண்டு. 1843ஆம் வருஷச் சட்டம் அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்ற பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான்; பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வர 1952 ஆயிற்று. நான் வாசித்த உயில்களில் அவர்கள் 'வரவேண்டிய பாக்கி' பத்தியில் இருப்பார்கள், முன்பணம் வாங்கியவர்களாக. அந்தத் தம்பதியிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மாள், "அப்போ யாரோட உயில்லயாவது கடன்காரரா இருப்பாரா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அதுவே போதும் என்பது போலத் தலையாட்டினார்.

தர்ப்பணத்தின் கடைசியில், தாயோ தகப்பனோ உறவோ நண்பனோ யாரும் இல்லாதவர்களுக்கு என்று தர்ப்பையிலிருந்து விழும் தண்ணீர் ஒன்று உண்டு. மகாளயத்தில் காருண்ய பிதிருக்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அங்கே கொள்ளுத்தாத்தா உயிலில் இருந்தவளைச் சேர்த்துவிடலாமே என்று ஐயரிடம் கேட்டேன். அவருக்கு ஆட்சேபம் இல்லை. பெயரும் தெரியும், எந்தச் சாஸ்திரம் தடுக்கிறது என்றார். தம்பிதான் கொஞ்சம் முறைத்தான். பிறகு சரி என்றான்.

அதோடு முடிந்திருக்கும், நான் முதல் புத்தகத்தையும் தேடாமல் இருந்திருந்தால். இரண்டு மா என்ன ஆயிற்று என்று பார்க்கத் தோன்றியது, வேலைப் பழக்கம். 1944இல் ஒரு விடுதலைப் பத்திரம். எழுதிக் கொடுத்தவள் அவள், எழுதி வாங்கியவர் எங்கள் தாத்தா. ரொக்கம் அறுபது ரூபாய் பெற்றுக்கொண்டு, தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ஷை நிலத்தில் இனி யாதொரு பாத்தியமும் இல்லை என்று இடது கைப் பெருவிரல் ரேகை. ஆயுள் வரை அனுபவிக்க மட்டுமே உரிமை உள்ளவள், தன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்க முடியாது. சட்டம் படித்த எந்தப் பையனும் சொல்வான். ஆனால் பதிவு அலுவலகம் அன்று உரிமையை விசாரித்ததில்லை. எழுதிக் கொண்டு வந்ததைப் பதிவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் முத்திரை குத்தியிருப்பேன். வழக்குப் போடும் கெடு அரை நூற்றாண்டுக்கு முன்பே போய்விட்டது. அந்த இரண்டு மாவும் இன்று தம்பி பெயரில், குறுவையும் தாளடியுமாக விளைகிறது. எனக்காகக் காலேஜுக்குக் கட்டிய சம்பளமும் கழுத்துக்குப் போட்ட நகையும் அந்த வயலைச் சேர்த்து விளைந்ததில்தான் வந்தன.

தண்ணீர் விட்டால் போதும் என்கிறான் தம்பி. எனக்கு அப்படிப் படவில்லை. நாங்கள் இருவரும் சட்டம் பேசியே சண்டை போட்டுக்கொள்வோம்; நான் கொடுத்த புத்தகங்களைப் படித்து என்னையே மடக்குவான். கள், சூது, காமம் வழியாக வந்த கடனைப் பிள்ளை கொடுக்க வேண்டாம் என்று பழைய சட்டமே சொல்கிறதே என்றான். உண்மைதான், சொல்கிறது. ஆனால் கொள்ளுத்தாத்தா அவளோடு இருந்ததற்கான கடன் அல்ல இது. அவர் நேராகத் தீர்த்துவிட்டுப் போனதைத் தாத்தா திரும்பப் பிடுங்கியது. "எந்தத் தலைமுறையோட நிறுத்துவே அக்கா? சோழன் காலத்துல எவன் நிலத்தை எவன் பிடுங்கினானோ?" என்றான். அதுதான் கேள்வி, அதை அவன் கேட்டதில் எனக்கு மரியாதைதான். யாக்ஞவல்கியர் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: செத்தவனின் சொத்தை எடுத்துக்கொண்டவன் கடனைக் கொடுக்க வேண்டும், வேறு எவனும் சொத்தை எடுக்காதபோதுதான் மகன் என்ற முறை வருகிறது. கடன் முதலில் நிலத்தோடு போகிறது, பிறகுதான் ரத்தத்தோடு. அப்படியானால் தலைமுறையை எண்ண வேண்டியதில்லை. வயல் யார் கையில் விளைகிறதோ அதுவரைக்கும் அது நீளும். பிண்டம் மூன்றோடு நிற்கலாம்; விளைச்சல் மூன்றோடு நிற்கவில்லையே. சோழன் காலத்து வயலுக்குக் காகிதம் இல்லை, ஆளும் இல்லை. இதற்கு இரண்டும் இருக்கின்றன.

"நிலம் எங்கிட்ட இருக்கு, நியாயம் ஒங்கிட்ட இருக்கு. நல்ல பாகப்பிரிவினைதான்" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதால், நகைக்கும் படிப்புக்கும் என் பங்கு என்று ஒரு தொகையை நானே போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். அவளுடைய பேரன் ஒருவர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். என் பேத்தியின் சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டியவர். இந்த நகல்களைக் கேட்க அவருக்கும் அதே உரிமை உண்டு, ஆனால் தேட ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. பாட்டியின் பெயரை எதிர்பாராமல் ஓர் உயிலில், அதுவும் அந்த அடைமொழியோடு பார்ப்பதை அவர் விரும்புவாரா என்பதும் என்னை நிறுத்துகிற கேள்விதான். மறைத்து வைக்க எனக்கு உரிமை உண்டா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. உயில், விடுதலைப் பத்திரம் இரண்டின் நகலையும் உறையில் போட்டுவிட்டேன். தம்பி பெண்ணுக்குத் தையில் கல்யாணம். அதுவரை பொறு, ஊரில் பேச்சாகும் என்று கேட்டிருக்கிறான். மாசிக்கு மேல் அவகாசம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.