மழலையும் பிழையும்

மூன்று வயதுப் பிள்ளை ‘பழம்’ என்னும் சொல்லைப் ‘பயம்’ என்கிறது. நாம் மகிழ்கிறோம், அயலாரை அழைத்து, இன்னொருமுறை சொல்லச் செய்து கேட்கிறோம். சில ஆண்டுகள் கழிகின்றன. அதே பிள்ளை வகுப்பறையில் வீட்டுப் பேச்சிலே விடை கூறுகிறது. நாம் சினக்கிறோம். நேற்று மழலையாக இனித்தது இன்று குற்றமாகக் கசப்பது எதனால்?

பிள்ளையின் பிழையை அறியாமையின் விளைவென்றே பலரும் எண்ணுகின்றனர். 1958ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்க்கோ, தாமே புனைந்த சொற்களைச் சிறுவர்களிடம் கூறி, அவற்றுக்குப் பன்மை கேட்டார். முன்னொருபோதும் கேட்டறியாத சொற்களுக்கும் அவர்கள் முறைப்படி விகுதி சேர்த்தனர். கிளிப்பிள்ளை இதனைச் செய்ய இயலாது. கேட்ட பேச்சினின்றும் விதியை வகுத்துக்கொள்ளும் அறிவே பிள்ளையின் பேச்சில் இயங்குகிறது.

நிக்கராகுவாவின் மனாகுவா நகரிலே 1977இல் தொடங்கிய பள்ளியொன்றில் செவிப்புலனற்ற சிறுவர்கள் ஒன்றுகூடினர். ஆசிரியர்கள் உதட்டசைவின் வழியே ஸ்பானிய மொழியைக் கற்பிக்க முயன்றனர். அது பெரும்பயன் தரவில்லை. சிறுவர்களோ தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து தமக்குள் புதிய மொழியொன்றை ஆக்கினர். பின்வந்த இளஞ்சிறார் அதன் இலக்கணத்தை மேலும் நுட்பமாக்கினர். கூடிப் பேசத் துணைவர் கிடைத்ததும் மொழி பிறந்தது.

தாய் இதனை இயல்பாகவே அறிவாள். ‘பயம்’ கேட்கும் பிள்ளையை அவள் கண்டிப்பதில்லை, “பழம் வேணுமோ? இந்தா” என்கிறாள். முதலிலே பொருளுக்கு விடை கிடைக்கிறது; திருந்திய சொல்லும் அவ்விடையோடு சென்று சேர்கிறது.

ஆசிரியராகிய நாம் செய்ததென்ன? வன்னிப் பள்ளியொன்றிலே, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளியொருவரின் மகன் பாடலின் பொருளைச் செவ்வனே விளக்கினான். இடையில் ‘அங்கிட்டு’ என்றான். நாம் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிட்டோம். வகுப்புச் சிரித்தது. அவ்வாண்டு முடியும்வரை அவன் தானாக வாய் திறக்கவேயில்லை. ‘அங்கை’ என்னும் நம் வீட்டுச் சொல்லும் நூல்வழக்கிலே இல்லாததுதான். அதனைக் கேட்டு அவ்வகுப்பில் எவரும் சிரித்ததில்லை. நாம் காத்தது தமிழையா, நம் மேன்மையையா?

அப்படியாயின் எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். கற்பிக்கவே வேண்டும். பரீட்சையும் விண்ணப்பமும் அத்தமிழிலேயே எழுதப்படுகின்றன. உழைப்பவர் பிள்ளைக்கு அதனை மறுப்பது மற்றுமோர் அநீதியாகும். ஆயினும் அதனைக் கொடுப்பதற்குத் தாயின் பேச்சைப் பறிக்க வேண்டியதில்லை. நாணிய நாவு எத்தமிழையும் கற்காது.

அடுத்த முறை ஒரு பிள்ளை ‘அங்கிட்டு’ என்னும்போது, அங்கே என்ன கண்டாய் என்று முதலிற் கேட்போம். எழுதும் முறையைப் பின்னர்க் கற்பிக்கலாம்.