சங்கற்பமும் குளிர்நீரும்
பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்; 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன் பின்னும் 42 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று விதித்து 1978-இல் ஹவாய்த் தீவில் தொடங்கிய முத்துறைப் பந்தயத்திலோ, சைக்கிள் பகுதி ஒன்றே நம் நதியை விஞ்சிவிடுகிறது. அந்நதியின் குறுக்குத்துறையில் நீரோட்டத்தோடு நீந்திப் பழகிய நமது இளைஞர்கள் இத்தகைய பரீட்சைக்கு ஆயத்தமாகுங்கால், வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் சரித்திரத்தை அறிந்துகொள்வது உத்தமம். 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து, மீண்டும் நீந்தியே திரும்பி, 51 மணி நேரத்தில் அந்த அசாத்தியத்தைச் சாதித்த அவர், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் நீந்துகையில் உயிர்நீத்தார். மனோதிடம் அவரிடம் குறைந்திருந்தது என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. அவர் முன்னர் கடந்த பாக் நீரிணையின் வெதுவெதுப்பு வேறு, கோடையிலும் 18 டிகிரியை ஒட்டியே நிற்கும் அக்கால்வாயின் நீர் வேறு. தேகத்தின் உஷ்ணத்தைக் காற்றினும் பன்மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்ளும் குளிர்நீரில் முதலில் கைகள் தளர, பின்னர் மதியும் மயங்க, 'இன்னும் முடியும்' என்னும் சங்கற்பமே நம்பத்தகாத சாட்சியாகிவிடுகிறது. ஆகையினால்தான் அங்கே படகில் உடன்செல்வோருக்கு, நீந்துபவர் மறுத்தாலும் அவரை நீரிலிருந்து ஏற்றிவிடும் அதிகாரம் உண்டு. நம் ஆற்றில் பயிற்சிக்கு இறங்கும் பிள்ளைகளும் அதே அதிகாரத்தைத் தம் துணைவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும் என்பேன்.